மேலே கயிறு பிடித்தவன்

டேங்கர் ஓட்டுகிறவன் பீடி பிடிக்கக் கூடாது. அதனால் நான் வெற்றிலை போட்டேன். இன்றைக்கும் அதுதான். நீங்கள் கேட்க வந்தது அந்தக் காலத்துச் சம்பளமும் வேலை நேரமும். சொல்கிறேன். பேப்பரும் பேனாவுமாக வருகிறவன் எவனையும் நான் நம்பியதில்லை, உங்களையும் நம்பவில்லை. ஆனால் டாக்டர் எனக்குக் கெடு சொல்லிவிட்டான். இனி யாருக்குப் பயம்?

என் பெயர் துலுக்கானம். குமணன்சாவடிக்குப் பின்னால் முதலாளி கஜபதியின் ஷெட். ஆறு டேங்கர். திருவாரூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கச்சா எண்ணெய் ஏற்றி மணலியில் இறக்க வேண்டும். கூலி டிரிப்புக்குத்தான், மணிக்கணக்கு கிடையாது. கிணற்றடி வரிசையில் ஒன்றரை நாள் நின்றாலும் நின்றது நின்றதுதான். வண்டிக்கு ஒரே டிரைவர். தூக்கம் சொக்கினால் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம். வாய் எரிகிற வரை விழித்திருக்கலாம்.

எண்பத்தொன்பதில் குணசேகரன் ஒரு மனு எழுதினான். அண்ணனூர்க்காரன், எங்கள் ஷெட் டிரைவர்களில் பத்தாவது வரை படித்தவன் அவன் ஒருவன்தான். தூர ஓட்டத்துக்கு இரண்டு டிரைவர், வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் கூலி, டேங்க் கழுவத் தனி ஆள். எல்லாம் நியாயம். நானும் கைநாட்டு வைத்தேன். பிறகுதான் கடைசி வரியைப் படித்துக் காட்டினான். டிரைவர்களுக்கு வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை.

எனக்கு அப்போதே இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. வலது கண்ணும் மங்கல். எதிரே விளக்கு வந்தால் ரோடே வெள்ளையாகிவிடும். பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி வேம்புலியம்மாளுக்குக்கூடத் தெரியாது. ஐம்பத்து நாலு வயதில் ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

டீக்கடையில் அவனைக் கேட்டுப் பார்த்தேன்.

"குணா, அந்தக் கண்ணு டெஸ்ட்டு மட்டும் வேணாம்பா. எடுத்துடு."

"இன்னா அண்ணாத்தே, உனுக்கு இன்னா பயம்? நீ கண்ண மூடிகினு ஓட்னாலே வண்டி தானா மணலி போய் நிக்குமே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நெஜமாத்தான் சொல்றேன். எடுத்துடு."

"அட போ அண்ணாத்தே. பன்னெண்டாயிரம் லிட்டரு எண்ணெய ஏத்திகினு போறோம். ரோட்ல நட்ந்து போற ஜனம் இன்னா பாவம் பண்ணிச்சு?"

என் கண் விஷயத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அங்கேயே என் பிழைப்பு முடிந்தது.

திங்கட்கிழமை முதலாளியிடம் மனுவைக் கொடுப்பதாக இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டிக்கு டேங்க் கழுவும் முறை. கச்சா எண்ணெய் அடியில் சேறாகப் படியும். அதை அள்ள முதலாளி ஆள் வைக்கமாட்டார், கூலியும் கிடையாது, ஓட்டுகிறவனே இறங்க வேண்டும். முதல் நாளே மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் நிரப்பி வடித்து, காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாயு ஆளை அமுக்கிவிடும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு. கையில் மரக்குச்சி, இரும்பு பட்டால் பொறி பறக்கும். நிமிஷத்துக்கு ஒரு தட்டு அவன் உள்ளே தட்டுவான், மேலே இருப்பவன் மூடியைத் தட்டிப் பதில் சொல்வான். தட்டு நின்றால் உடனே இழுத்துவிட வேண்டும். மேலே யார் இருப்பது என்று இறங்குகிறவன்தான் சொல்வான். அவன் கை காட்டினால் மறுக்கக் கூடாது. அது எங்களுக்குள் கட்டுப்பாடு.

குணசேகரன் எப்போதும் என்னைத்தான் காட்டுவான்.

"மூடி எப்ப தொறந்த அண்ணாத்தே?"

"நேத்து சாயங்காலமே தொறந்து, தண்ணி உட்டு வட்ச்சிட்டேன். இறங்கு."

உண்மையில் அன்று காலை அவன் வருவதற்குச் சற்று முன்புதான் திறந்தேன். தண்ணீர் விடவே இல்லை. மற்றவர்களைச் சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பியதும் நான்தான்.

சட்டையைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினான். தட்டினான். நானும் தட்டினேன். இன்னொரு தரம் தட்டினான். அதற்குப் பிறகு தட்டவில்லை. முப்பது எண்ணினேன். மறுபடியும் முப்பது. வெயில் நல்ல வெயில், டேங்க் தகடு தொடையைச் சுட்டது. மற்றவர்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் தெருமுனையில் கேட்ட பிறகு கத்தினேன்.

போலீஸ் வாயு என்று எழுதிக்கொண்டது. அது பொய்யில்லை, வாயுதான். மனு அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை நான் தொடவில்லை. சட்டையோடு அவன் பெண்டாட்டி சுசீலாவிடம் கொடுத்தேன். அடுத்தவன் பொருளில் கை வைக்கிறவன் நான் இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போக வேறு எவனுக்கும் தைரியம் வரவில்லை. மிளகாயைக் கடித்துக்கொண்டு எல்லாரும் ஓட்டினோம். நான் இன்னும் ஏழு வருஷம் ஓட்டினேன்.

தட்டு நின்ற பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கயிறு கீழேயிருந்து இழுபட்டது. முதலில் பலமாக, அப்புறம் லேசாக, மூன்றாவது தரம் மீன் கடிக்கிற மாதிரி. நான் இழுக்கவில்லை. ஆனால் கயிற்றை விடவும் இல்லை. என்னை நம்பித்தானே இறங்கினான். கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவதானால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.