குப்பாயி கேட்ட உப்பு

...சரி, இவ்வளவு நேரம் விமரிசனக் கொள்கை பேசியாயிற்று. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். உங்களுக்காக ஒரு கதை கொண்டுவந்திருக்கிறேன், கையளவுதான். சரித்திரத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. நானே கட்டியது.

தாது வருஷப் பஞ்சம். வெள்ளைக்காரன் ஆட்சி. சேலத்துப் பக்கம் ஒரு கஞ்சி முகாம். அங்கே பதிவேடு எழுதுகிற குமாஸ்தா ஒருவர், பெயர் தெய்வசிகாமணி. இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள்... எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு.

இவருக்கு மனசு கேட்கவில்லை. தன் கண்முன்னால் இறந்த நாற்பது பேருக்கு ஆளுக்கொரு பாட்டு எழுதினார். பெயர், ஊர், முகாமில் அவர்கள் பேசிய ஏதோ ஒரு பேச்சு. ஏன் எழுதினார்? அவர்களுடைய பிள்ளைகள் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். என்றைக்காவது ஒருத்தர் திரும்பி வந்து, எங்க அம்மா என்ன ஆனாள் என்று கேட்டால்... பதில் வேண்டாமா? அந்தப் பதிலுக்காகத்தான் புத்தகம்.

அந்தக் காலத்தில் புத்தகம் போட்டால் முன்பக்கத்தில் சாற்றுக்கவி வேண்டும். பெரிய புலவர்கள் நூலைப் பாராட்டிப் பாடிக் கொடுக்கும் பாட்டு. நாலு புலவர்களிடம் போனார். நாலு பேரும் கொடுத்தார்கள். தேன் என்றார் ஒருவர், அமுதம் என்றார் ஒருவர். யாராவது பக்கத்தைப் புரட்டினார்களா? ஒருவர், "முருகன் பெருமை சொல்லும் முத்தான நூல்" என்றே பாடிவிட்டார். கஞ்சி முகாமுக்கு முருகன் எப்போது வந்தான்? புத்தகம் அச்சாயிற்று. கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

ஒரே ஒருவர் படித்தார். ஏகாம்பர வித்துவான். படித்தார்... கொதித்துப் போனார். கண்டனம் எழுத உட்கார்ந்துவிட்டார். கண்டனத்துக்கு ஒரு முறை உண்டு. எதிராளியின் பாட்டை முழுசாக எடுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழேதான் அடிக்க வேண்டும். இந்த மனுஷர் நாற்பதையும் எடுத்துப் போட்டார். நாற்பதையும் அடித்தார்.

எப்படி அடித்தார் தெரியுமா? முப்பத்தோராம் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

கஞ்சி வந்தது; கையேந்தி வாங்கினாள்;
கொஞ்சம் உப்பென்றாள் வீரகனூர்க் குப்பாயி.

வித்துவான் எழுதுகிறார்: "மலை எங்கே? நதி எங்கே? பாட்டுடைத் தலைவி குப்பாயியாம். அவள் கேட்டது உப்பாம். ஐயா குமாஸ்தா, அடுத்த நூலில் புளியும் மிளகாயும் பாடுவீரோ?"

ஊரே சிரித்தது. கண்டனம் என்றால் அந்தக் காலத்துச் சனங்களுக்குச் சேவற்சண்டை மாதிரி. சந்தையில் விற்றது, ரயிலடியில் விற்றது, படகுத் துறையில் விற்றது. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றி இருபது பேர் கேட்பார்கள். தெய்வசிகாமணிக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. நண்பர்கள் மறுப்பு எழுதச் சொன்னார்கள். அவர் எழுதவில்லை. செத்துப்போன நாற்பது பேரையும் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனே என்று அழுதார்.

ஆனால், கேட்ட சனங்கள் என்ன செய்தார்கள்? வித்துவானின் கேலிக்குச் சிரித்தார்கள், உண்மைதான். சிரித்து முடித்ததும், "ஏசுறது கிடக்கட்டும் சாமி, அந்தப் பாட்டை இன்னொரு தரம் படிங்க" என்றார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் வித்துவான் வீட்டு வாசலில் ஒரு பெண். பெயர் பாவாயி. கையில் அந்தக் கண்டனப் புத்தகம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இலங்கையிலிருந்து திரும்பும்போது படகுத் துறையில் யாரோ படிக்கக் கேட்டிருக்கிறாள். அட்டையில் இருந்த விலாசத்தை விசாரித்து விசாரித்து வந்துவிட்டாள். பாட்டெழுதியவரே இவர்தான் என்று நினைப்பு.

"வீரகனூர்க் குப்பாயின்னு பாட்டுக் கட்டினது நீங்கதானுங்களா சாமி? அது எங்கம்மாங்க."

வித்துவான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"உப்புக் கேட்டுச்சுன்னு பாட்டுல வருதே... குடுத்தாங்களா?"

வித்துவான் அணி எங்கே, அலங்காரம் எங்கே என்று நாற்பது பாட்டுக்கு நூறு கேள்வி கேட்டவர். இந்த ஒரு கேள்வியை... அவர் கேட்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதம்மா. தெரிஞ்சவர் இருக்கார். வா."

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். குமாஸ்தா வீட்டில் இவரைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயம். பாவாயி அதே கேள்வியைக் கேட்டாள். குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்.

"குடுத்தேம்மா. முகாமில் உப்பு இல்லை. என் சோத்துக்கு வெச்சிருந்ததைக் குடுத்தேன். இப்பத்தான் கஞ்சி கஞ்சியா இருக்குன்னு சொல்லிட்டுக் குடிச்சாங்க."

பாவாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "குடிச்சுச்சா" என்றாள். அவ்வளவுதான்.

வித்துவானுக்கு வந்ததே கோபம். இதை ஏன் பாட்டில் வைக்கவில்லை என்று குமாஸ்தா மேல் பாய்ந்தார். நான் கொடுத்ததை நானே பாடினால் தற்பெருமை ஆகிவிடாதா என்றார் குமாஸ்தா.

"உம்ம பெருமை யாருக்கு வேணும்? இவ அம்மா நாக்குல உப்புப் பட்டுச்சே, அது பாட்டுக்கு வேணும். நான் சொன்ன நாற்பது குற்றத்தையும் தள்ளும். இதுதான்யா உம்ம நூலில் குற்றம். உட்காரும். எழுதும்."

தோழர்களே, தோழிகளே... அந்த மனுஷர் விமரிசகர் ஆனது எந்த நாளில்? கண்டனம் எழுதிய நாளிலா? இல்லை, இந்த நாளில். நீங்கள் நாளைக்கு விமரிசனம் எழுதப் போகிறவர்கள். யாப்பைப் பாருங்கள், அணியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் வந்தால் அடியுங்கள், ஆனால் படித்துவிட்டு அடியுங்கள். படிக்காமல் மட்டும் பாராட்டாதீர்கள். அடிப்பதற்காகவாவது படித்தவர் புத்தகத்தில்தானே அந்த மகளுக்கு அம்மா கிடைத்தாள்? அதற்கும் மேலே ஒன்று... ஒரு கவிதையைக் கையில் எடுக்கும்போது, இதற்காக யாரோ ஒருத்தி கடல் தாண்டி வந்து வாசலில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு என்ன தெரிய வேண்டும்? முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் கேள்விகளை அப்புறம் கேட்கலாம்.