எல்லாருக்கும் என்றால் எங்கள் கொட்டாய்க்கும்தான்

மினி பஸ் தொடக்க விழாவுக்குத் தலைமை தாங்கி, மாலைக்குள் முகம் மறைய வீற்றிருக்கும் பஸ் முதலாளி நவநீதன் அவர்களே, வெயிலுக்கு அஞ்சாத பெரியவர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாரியப்பன் கொட்டாய் என்கிற நம்ம சின்ன ஊரின் மக்களே, வணக்கமுங்க.

என் பேரன் மதியழகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பேத்தி பூவிழி இங்கிலீஷில் எம்.ஏ. சின்னவன் கலைமணி காலே ஊன்றாமல் எட்டுப் போட்டு லைசென்சு வாங்கினான். அங்கே யார் சிரிக்கிறது? நீ வாங்கிட்டயா சாமி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ், பஸ் என்கிறோமே, பஸ் என்றால் என்ன? நான் படித்த ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பூவிழி சொன்னாள். ஆதியில் அதன் பெயர் ஆம்னிபஸ்ஸாம். லத்தீன் என்ற பழம்பாஷையில் அதற்கு ‘எல்லாருக்கும்’ என்று பொருளாம். வெள்ளைக்காரன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டான். நாமோ இன்றைக்கும் ஆம்னி பஸ் என்று முழுசாகச் சொல்கிறோம். பெருந்தன்மை யாருக்கு?

போன வாரம் நம் மினி பஸ்ஸுக்கு வெள்ளோட்டம். பூசணிக்காயோடு ஊரே காத்து நின்றது. வந்ததா? வரவில்லை. ஊருக்குள் திருப்ப இடமில்லை என்று மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டதாம். அது எங்களுக்குத் தெரியாது. அப்போது வந்தது ஒரு பஸ். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வழி அடைபட, ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டு வந்த, படுத்துக்கொண்டே போகிற பெங்களூர் ஆம்னி பஸ். கொட்டாய்க்குள் பஸ்ஸையே காணாத கண்கள் இவை. மினி என்றால் எவ்வளவு நீளம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

சந்தனம் வைத்தோம். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஆரத்தி சுற்றிப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தோம். உள்ளே தூங்கியவர்களெல்லாம் விபத்து என்று எழுந்துவிட்டார்கள். டிரைவர் சவுரியப்பன் இறங்கி வந்து, இது உங்க பஸ் இல்லைங்க ஆயா என்று கும்பிட்டார். அதற்குள் நம்ம குள்ளம்மாள் கோழிக்கூடையோடு ஏறி, மெத்தையில் படுத்தே விட்டாள். உட்காரத்தான் இடமில்லை, படுக்கத் தாராளமா இருக்குது, நீயும் வாக்கா என்கிறாள்.

இறங்கச் சொன்னார் டிரைவர். நான் கேட்டேன்:

“எல்லாருக்கும்னு பேரை வச்சுக்கிட்டு, ஏறினவள எறங்கச் சொல்றது நாயமா சாமி?”

தலையைச் சொறிந்தார், சிரித்தார், நல்லம்பள்ளிச் சந்தை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார். போகுமுன் என்ன செய்தார் தெரியுமா? அந்த மலைப்பாம்பு நீளத்து வண்டியை மாரியம்மன் கோயில் முன்னால் ஸ்டீயரிங்கை ஒரே ஒடி ஒடித்துத் திருப்பினார். திருப்பினாரா இல்லையா? சொல்லுங்க தாய்மார்களே.

தலைவர் அவர்களே, பெங்களூர் பஸ் திரும்பிய இடத்தில் மினி பஸ் திரும்பாதா? வழி தவறி வந்தவன் வந்த ஊருக்கு, வழி தெரிந்த நீங்கள் வரக்கூடாதா? தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்து மெயின் ரோட்டுக்கு நடக்கும் எங்கள் பெண்கள், ‘எல்லாரி’ல் சேர்த்தி இல்லையா?

முதலாளி சிரிக்கிறார். சிரிப்பெல்லாம் செல்லாதுங்க, மைக்கில் சொல்லணும். இந்தாங்க.

“நாளையிலிருந்து கோயில் வரைக்கும் வரும்ங்க ஆயா.”

ஊரே கேட்டுக்கொண்டது. வாக்குத் தந்த வாய்க்கும், வெயிலில் பொறுத்திருந்த உங்கள் காதுகளுக்கும் நன்றி, வணக்கம். போட்டோக்காரத் தம்பி, நாளைக்குக் கோயிலுக்கு வந்துவிடு. முதலாளி படியில், நான் ஜன்னலில். புதுசாய் ஒரு படம் எடுத்து ஊர் குரூப்பில் போடு. நான் கண்ணை மூடியிருந்தால் இன்னொன்று எடு சாமி, அவசரமில்லை. பஸ் நிற்கும்.