உமிச் சாம்பலில் புதைத்த இன்ஜின்

சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோடு. பகலில் பஸ்ஸும் வேனும் ஓடும்... இருட்டினால் ஆள் நடமாட்டம் கிடையாது. ரெண்டு பக்கமும் பனைமரம். ஓலை உரசுகிற சத்தம். அந்த ரோட்டில் ஒரு பழைய அம்பாசிடரைக் கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

இப்படித்தான் நான் பேய்க் கதையை ஆரம்பித்தேன். நாவலூரில் அபார்ட்மென்ட் கட்டுகிற வேலை. மழையில் கரண்ட் போய்விட்டது. கலவை ஆட்கள் நாங்கள் அஞ்சு பேர், கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் சிமெண்ட் சாக்கை விரித்து ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தோம். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலி. தூக்கம்தான் வரவில்லை.

"அண்ணாத்த, கார்ல பேயா? அதுக்கு லைசென்ஸ் கீதா?" என்றான் ரஞ்சித்குமார்.

"மூடிக்கினு கேளுடா. நம்ம ஜோயலோட தாய்மாமனுக்கு நடந்தது இது. தப்பா சொன்னா அவனே சொல்லட்டும்."

ஜோயல் தூணில் சாய்ந்திருந்தான். நான் மேலே சொன்னேன்.

மாமன் பேர் ஜெரோம். கார் மெக்கானிக். அந்த ரோட்டு ஓரத்தில் தகர ஷெட்டு, பின்னாடி ஒத்தை ரூம். ரூமில் அவரோட அப்பா சின்னையன், ஜோயலுக்குத் தாத்தா. வாதம் அடித்துப் படுத்த படுக்கை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கண் மட்டும் ஆடும்.

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஷெட்டு சுவரில் மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஷெட்டும் போகும், வூடும் போகும். புறம்போக்கு. கேட்க நாதி இல்லை. இந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அப்போதான் கடற்கரை ஓட்டல் மேனேஜர் ஹேமந்த் வந்தான். வெளிநாட்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட பழைய கார் வாங்கியிருக்காங்களாம். "இத ஓட வச்சிட்டா நீங்க எங்ககிட்ட பர்மனென்ட். கேரேஜ் பின்னாடி ரூம் இருக்கு, அப்பாவக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றான். ஜெரோமுக்கு அந்த ரூம்தான் எல்லாம்.

டிராக்டர்க்கார லட்சுமணன் கயிற்றை அவிழ்க்கும்போது ஒரு விஷயம் சொன்னான்.

"இது கதை தெரியுமா மச்சான்? கத்திரி வெயில்ல, உப்பளத்து ரோட்ல இன்ஜின் கொதிச்சிப் போச்சாம். குடிக்க வச்சிருந்த தண்ணிய எல்லாம் ரேடியேட்டர்ல ஊத்துடான்னுட்டாரு மொதலாளி. சூட்டுல பச்சத் தண்ணி பட்டதும் பிளாக்கு, அதான் இன்ஜினோட இரும்பு ஒடம்பு, வெடிச்சிப் போச்சு. அவரு பஸ் புடிச்சிக் கெளம்பிட்டாரு. டிரைவரக் காவலுக்கு வச்சிட்டு, ஆள் அனுப்பறேன்னு போனவரு... மறந்துட்டாரு. அந்த டிரைவரு நாக்கு வறண்டு சீட்டுலயே செத்துக் கெடந்தான். இத எடைக்குப் போட்டுரு."

"எங்கப்பன எந்தக் கடைல எடைக்குப் போடறது?" என்றார் ஜெரோம்.

லட்சுமணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஜெரோம் ரேடியேட்டரில் தண்ணி ஊற்றினார். இழுத்துக்கொண்டது. மறுபடி ஊற்றினார். அதுவும் போச்சு. கீழே குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவினார். உள்ளே தண்ணி கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை. பிளக்கைக் கழற்றினார். காய்ந்து கிடந்தது.

அப்போ தண்ணி எங்கே போகுது?

மெக்கானிக்குங்க ஒண்ணு செய்வாங்க, பார்த்திருப்பீங்க. ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பாங்க. உள்ளே எது தட்டுகிறது என்று தெரியும். ஜெரோம் ஓடாத இன்ஜினில் வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

மடக்... மடக்... மடக்...

தொண்டையில் தண்ணி இறங்குகிற சத்தம்.

ரஞ்சித்குமார் என் பக்கம் நகர்ந்து வந்தான். "இன்னாடா, லைசென்ஸ் கேக்கலியா?" என்றேன்.

ஜெரோம் இன்ஜினைச் செயின் போட்டு இறக்கிப் பிரித்தார். வெறும் பிளாக்கை வைத்து, ஓட்டையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை அடித்து, வெளியே சோப்புத் தண்ணி தடவினார். வெடிப்பு எங்கே இருக்கோ அங்கே நுரை குமிழ் விடணும். பக்கவாட்டில் மயிர் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அங்கே குமிழ் வரவில்லை. நுரை உள்ளே போச்சு. உறிஞ்சிச்சு.

அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் மஞ்சள் கோடு சுவரில் இருக்குதே.

வெடிப்பின் ரெண்டு முனையிலும், அது மேலே ஓடாமல் இருக்க ஓட்டை போட்டார். கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி பிளாக்கைச் சுட வைத்தார். கேஸ் நெருப்பில் பித்தளைக் கம்பியை உருக்கி வெடிப்பை அடைத்தார். வார்ப்பிரும்பு பொல்லாதது. சட்டென்று ஆறினால் திரும்பப் பிளந்துகொள்ளும். அதனால் மதுராந்தகம் ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பல் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, சூடான பிளாக்கை அதற்குள் புதைத்து மூடினார். ராத்திரி பூரா அது தானாக ஆறணும். காற்று படக்கூடாது. தண்ணி... ஒரு கை கூடப் படக்கூடாது.

பார்க்க எப்படி இருந்ததுன்னா, புதுசா மூடின குழி மாதிரி.

அவர் பக்கத்திலேயே சாக்கு போட்டுப் படுத்தார். உமி கருகின வாசனை. உள்ளே இரும்பு ஆறுகிற சத்தம். டிக்... டிக்... கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

"தண்ணி..."

எழுந்து உட்கார்ந்தார். முதலில் அப்பா என்றுதான் நினைத்தார். ரூமுக்குள் போய் செல்போன் லைட் அடித்தார். சின்னையன் கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேச முடியாத மனுஷன், தூங்குறார்.

வெளியே வந்தார். சாம்பலிலிருந்துதான் வந்தது. வறண்ட குரல். அட்டையைக் கிழிக்கிற மாதிரி.

"கொஞ்சம்... தண்ணி..."

குடம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துவிட்டார். குடத்தோடு சாம்பல் மேட்டுப் பக்கத்தில் நின்றார். ஊற்றினால் பிளாக் போச்சு. பிளாக் போனால் வேலை போச்சு, ரூம் போச்சு, அப்பன் ரோட்டில். குடத்தைக் கீழே வைத்தார்.

"வேணாம் சாமி. என்னால முடியாது. எங்கப்பனுக்கு எடம் வேணும்" என்று சாம்பலிடம் சொன்னார்.

அது விடவில்லை. கெஞ்சிச்சு. அழுதிச்சு. விடிகிற நேரத்தில் வேற மாதிரி கூப்பிட்டிச்சு.

"டேய் கடகுட்டி... ஒரு வாய்டா..."

ஜெரோம் கடைசிப் பிள்ளை. கடகுட்டி என்று அவரைக் கூப்பிடுகிறவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். பேய் ஏமாத்துது என்று ஜெரோம் நினைத்தார். கை துடைக்கிற வேஸ்ட் துணியைக் காதில் அடைத்துக்கொண்டு, முட்டியில் முகத்தை வைத்து, கர்த்தரே கர்த்தரே என்று உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் வந்ததும் சாம்பலைத் தள்ளினார். பிளாக் ஆறியிருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டினார். ணங்... கோயில் மணி மாதிரி. வெடிப்பு இருந்தால் சத்தம் செத்து வரும். காற்று அடித்துப் பார்த்தார். ஒரு குமிழ் இல்லை. அப்பாவிடம் சொல்ல ஓடினார்.

சின்னையன் செத்துப் போயிருந்தார்.

நான் நிறுத்தினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றான் ரஞ்சித்குமார்.

"அப்புறம் இன்னா? சாவியத் திருப்புன ஒடனே கார் எடுத்துகிச்சு. வேல குடுத்தாங்க. ரூமும் குடுத்தாங்க. ஒத்த ஆளா கீறாரு அதுல. இப்பல்லாம் யாராண்டயும் பேசறதில்ல."

"அண்ணாத்த... கெழவருக்கு வயசாச்சு. படுத்த படுக்க. அன்னிக்கி போவ வேண்டியது, போயிட்டாரு. இதுல பேய் எங்க கீது?" அவன் குரல் தைரியமாக இல்லை. தன்னையே தேற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஜோயல் வாயைத் திறந்தான்.

"தாத்தாவ குளிப்பாட்டுனது நானும் மாமாவும்."

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினோம்.

"தாடைய கட்டணும்னு துணி எடுத்தேன். வாய் மூட வரல. உள்ள எதுவோ கீது. வெரல வுட்டேன்..."

விரலைச் சட்டையில் துடைத்தான்.

"சாம்பல். வாய் பூரா உமிச் சாம்பல். தொண்ட வரைக்கும். உயிர் போயி அர நாளு ஆவுது, உடம்பு சில்லுனு கீது... அது மட்டும் சுட்டுச்சி."

அந்த விரலை எங்கள் பக்கம் நீட்டினான். இருட்டில் ஒண்ணும் தெரியவில்லை. அஞ்சு பேரிடமும் செல்போன் இருந்தது. யாரும் லைட் போடவில்லை.