வாய்க்கு நாப்பது, கைக்கு முப்பத்தி நாலு

இல்ல மாஸ்டர், துணியெல்லாம் அப்புறம் பாக்கலாம். அந்தத் துணிக்கட்டை எடுத்து உள்ள வைங்க. எனக்கு உங்ககிட்ட வேண்டியது வேற. கோட்டு எனக்கில்ல, என் பையனுக்கு. இன்னும் பதினெட்டு நாள்ல கல்யாணம். அஞ்சு மணிக்கு இங்க வரச் சொல்லியிருக்கேன். அவன் வர்றதுக்குள்ள பேசி முடிச்சுடணும்.

அளவு எடுக்கறப்போ நம்பரை வாய்விட்டுச் சொல்லுவீங்கல்ல, அதுதான் விஷயம். மார்பு அளவு டேப்புல என்ன வந்தாலும் சரி, நீங்க நாப்பதுன்னு சொல்லணும். நோட்டுல மட்டும் நிஜத்தை எழுதிக்கணும். வாய்க்கு நாப்பது, கைக்கு முப்பத்தி நாலு. அவ்வளவுதான் மாஸ்டர், வேற ஒண்ணும் கேக்கல.

பைத்தியமெல்லாம் இல்லீங்க. உக்காந்துக்கறேன், சொல்றேன். அவன் எப்படி இருந்த ஆளு தெரியுமா? வாசல்ல நின்னா கதவே வேணாம். சட்டை எடுக்கப் போனா நாப்பதுக்குக் கொறஞ்சு தொடமாட்டான். போன வருஷம் உடம்புக்கு வந்துச்சு. மருந்து உள்ள போகப் போக ஆளு எறங்கிக்கிட்டே வர்றான். பொண்ணுக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் மறைக்கல. தெரிஞ்சும் தேதியை மாத்த மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்குது அந்தப் புள்ள. பையனோட அம்மா அவன் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே போயிட்டா. வீட்ல நானும் அவனுந்தான்.

மொதல்ல ஒரு பெரிய கடைக்குத்தான் போனோம். ஏசி, ஆளுயரக் கண்ணாடி, உக்காந்ததும் காப்பி. அங்க இருந்த மாஸ்டர் டேப்பைச் சுத்திட்டு ஏலம் விடற மாதிரி, செஸ்ட் முப்பத்தி நாலுன்னு ஒரு சத்தம் போட்டார். அந்தப் பக்கம் நோட்டோட உக்காந்திருந்தவர் அதையே திருப்பிச் சொல்லி எழுதிக்கிட்டார். கடையில இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. அவன் திரும்பி என்னைப் பாத்தான். வீட்டுக்கு வந்து ரெண்டு பேருமே சாப்பிடல.

ரெண்டாவது கடைக்கு நான் தனியாப் போய் இதே மாதிரி கேட்டேன். பொய் அளவு சொல்றதுக்கா கத்திரி பிடிச்சேன்னு அந்த மனுஷன் என்னைத் திட்டி அனுப்பிட்டார். மூணாவது ஆளு நல்லவரு, கேட்டதுமே தலையாட்டிட்டார். பையனைக் கூட்டிட்டுப் போனேன். நாப்பதுன்னு கணீர்னு சொன்னார் பாருங்க, போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. சிரிச்சுட்டேன். என்னைப் பாத்து அவனும் சிரிச்சான். ஆனா அந்தப் புண்ணியவான் எழுதற ஆளுகிட்டச் சொல்ல மறந்துட்டார். அவர் காதுல விழுந்ததை எழுதிட்டார், கட்டிங் போடறவர் எழுதினதை வெட்டிட்டார். ட்ரயலுக்குப் போனா, கோட்டுக்குள்ள என் புள்ளையைத் தேட வேண்டியிருக்கு. அவன் பட்டனைப் போட்டுட்டு, இதுல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குப்பான்னான். கடையே சிரிச்சுச்சு. நான் ட்ரயல் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அதோட கோட்டே வேணாம், கடைக்கே வரலன்னுட்டான். இன்னைக்கு ஒருநாள் வாடான்னு கெஞ்சித்தான் வரச் சொல்லியிருக்கேன்.

உங்களை எப்படிப் பிடிச்சேன்னா, ரெண்டு நாளா எதிர்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ஒரு தொப்பைக்காரர் வந்தார்ல, வயித்தை எக்கிக்கிட்டு நின்னாரே, அவரேதான். நீங்க ஏதோ பேச்சுக் குடுத்தீங்க, அவர் மூச்சை விட்டதும் டேப்பைப் பாத்துக்கிட்டீங்க. நீங்க சொன்ன நம்பருக்கு மனுஷன் மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு. அது நெசமான நம்பர் இல்லன்னு எனக்கு அங்கிருந்தே தெரிஞ்சுது. அதுவும் இல்லாம நோட்டுல நீங்களே எழுதறீங்க. இந்த ஆள்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். முடியாதுன்னு சொல்லிடாதீங்க மாஸ்டர், வேற யார்கிட்டப் போவேன் நான்? உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.

அவன் உடம்பு அவனுக்கே தெரியாதான்னு கேக்கறீங்க. நியாயம்தான். கேக்கத்தான் செய்வீங்க.

வீட்ல எடை பாக்கற மிஷின் ஒண்ணு இருக்கு மாஸ்டர், முள்ளு வச்சது. ஞாயித்துக்கிழமை காலைல அவன் ஏறி நிப்பான். அதுக்கு அடியில சின்னதா ஒரு திருகு இருக்கு. நாலு மாசமா நான்தான் அதைத் திருகி முள்ளை ரெண்டு கிலோ கூடக் காட்டற மாதிரி தள்ளி வச்சிருக்கேன். சும்மா இருக்கறப்போ முள்ளு தெரிஞ்சுடக் கூடாதுன்னு மேல ஒரு துண்டைப் போட்டு வச்சுடுவேன். எறங்கலடா, எடை அப்படியேதான் இருக்குன்னு சொல்வேன். அவனும் ஆமாப்பான்னு மாத்திரையைப் போட்டுக்குவான்.

போன ஞாயித்துக்கிழமை அவன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போய்த் துண்டை எடுத்துப் பாத்தேன். நான் விட்ட எடத்துல, ரெண்டுல இல்ல முள்ளு. அஞ்சுல நிக்குது.

நான் திருகல மாஸ்டர்.

ஆமா, அவனுக்குத் தெரியும். எப்பலேர்ந்து தெரியும்னு எனக்குத் தெரியல. துண்டை மறுபடி போட்டு மூடிட்டு வந்துட்டேன். அவன் வந்து ஏறி நின்னான். பாத்தியாப்பா, ஏறியிருக்குன்னான். நானும் ஆமாண்டான்னேன்.

அப்புறம் எதுக்கு இந்த நாப்பதுன்னா, அளவு எடுக்கறப்போ அவன் கண்ணாடியைப் பாக்கறதே இல்ல மாஸ்டர். என் மூஞ்சியைத்தான் பாக்கறான். நான் இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருப்பேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. நாப்பதுன்னு கேட்டா எனக்குச் சிரிக்க வந்துடும். முப்பத்தி நாலுக்குச் சிரிக்க வரல.