நூறு தலைக் கணக்கு

...முதல்ல எனக்குத் துரோகம் பண்ணவன் என் மருமகன்தான். எதிர்க்கடைக்காரன் எல்லாம் அப்புறம். தலையை ஆட்டாதீங்க சார், கத்தி கையில இருக்கு. பொண்ணு கொடுத்த மாமனார் கடைக்கே ஒருத்தன் பூட்டுப் போடுவானா, சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, வாயைச் சுத்தி நுரை.

அவனுக்குச் சுகாதார ஆபீஸ்ல வேலை. காய்ச்சல் அடுத்து எந்தத் தெருவுக்குப் போகும்னு கணக்குப் போடுறானாம். காய்ச்சல் என்ன, இவனைக் கேட்டுக்கிட்டா பஸ் ஏறுது? கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு புள்ளி. யாரு யாரைத் தொடுறாங்களோ, நடுவுல ஒரு கோடு. கோடு அதிகமா இருக்கிற புள்ளிதான் ஊருக்கே பரப்புமாம். அதை எடுத்துட்டா காய்ச்சல் படுத்துருமாம்.

போன மாசம் தெருவுல ஆளாளுக்குக் காய்ச்சல். இவன் கடை கடையா வந்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு முடி வெட்டுறீங்க மாமான்னு கேட்டான். தனியா கேட்டிருக்கலாம்ல? எதிர்க்கடைக்காரன் வாசல்ல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கான். அவனும் முடி வெட்டுறவன்தான், அவன் கடையில ஃபேனுக்குக் கீழ நிக்க இடமில்லை. நம்ம கடையில... அதை விடுங்க. மானம்னு ஒண்ணு இருக்குல்ல. நூறுன்னேன்.

ஒத்தைக் கத்தரிக்கோலுக்கு நூறு தலை எப்படின்னு படிச்சவன் யோசிக்க வேணாமா? அடுத்து எதிர்க்கடைக்காரனைக் கேட்டான். அந்த எமகாதகன் பல்லை இளிச்சுக்கிட்டு, நாலஞ்சு பேர் வந்தா அதிகம்ங்கிறான். அப்படிச் சொல்ல எனக்கு ஏன் சார் தோணல?

கம்ப்யூட்டர் படத்துல என் புள்ளி பூசணிக்காய் மாதிரி நிக்குது, அவன் புள்ளி கடுகு. பார்த்தப்ப உள்ளுக்குள்ள கொஞ்சம் குளுந்துச்சு, பொய் சொல்லல. மறுநாளே கடைக்குப் பூட்டு. வந்துக்கிட்டிருந்த நாலு பேரும் அவன்கிட்ட போயிட்டாங்க. காய்ச்சல் படத்துல இறங்குச்சு, தெருவுல ஏறுச்சு. ஏறாம? எல்லாம் அவன் கடை பெஞ்சுல உக்காந்து இருமிக்கிட்டு இருந்துச்சு. ஆபீஸ்ல பெரியவர் மருமகனை வாங்கு வாங்குன்னு வாங்கினாராம்.

பொண்ணு கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்தா. "உண்மையான கணக்கைச் சொல்லிடுங்கப்பா. உங்க கடையும் திறக்கும், அவர் வேலையும் பிழைக்கும்"ங்கிறா. எதிர்க்கடைக்காரன் வாசல்லயே நிக்கிறான் சார். நான் என்ன பண்ண?

"நூறுக்கு ஒண்ணு குறையாது"ன்னேன்.

காய்ச்சல் தானா அடங்கினப்புறம்தான் பூட்டைத் திறந்தாங்க. மருமகனைக் கொசு எண்ணுற பிரிவுக்கு மாத்திட்டாங்களாம். அதுக்குப் போய் என்கூடப் பேசமாட்டேங்கிறான். கடை பூட்டிக் கிடந்தது எனக்கு, கோவம் அவனுக்கு. யாரு சார் மன்னிப்பு கேக்கணும்?

க்ஹும்... க்ஹும்... ஒண்ணுமில்ல, பவுடர் தூசு. எங்க எந்திரிக்கிறீங்க? இன்னொரு கன்னம் அப்படியே இருக்கு. சார்... துண்டையாவது கழட்டிட்டு... அட, அங்கயா போறீங்க, அவன்கிட்டயா?

போங்க, போங்க. மருமகன் வந்து இந்த நாற்காலியில உக்காந்து மன்னிப்பு கேக்குற வரைக்கும், எவன் கேட்டாலும் நூறுதான்.