காக்கை விஷயம்

எங்கள் வீட்டு அவரைப் பந்தல் இந்த வருஷம் அமோகமாய்க் காய்த்திருக்கிறது. மல்லேஸ்வரம் முழுவதும் மூன்று வேளையும் பிதுக்கின பருப்புக் குழம்பு சாப்பிட்டாலும் மிஞ்சும். ரேஷன் அரிசி கிடைக்கும் லட்சணத்தில் இப்படி ஒரு காய்ப்பு காய்த்தால், மனிதனுக்கு உலகத்தின் பேரில் கொஞ்சம் அன்புகூட வந்துவிடுகிறது.

நான் காய் பறித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆண்டு மலர்க் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். நான் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கிய ஆபீஸுக்கு வெள்ளி விழாவாம். "உங்க காலத்துல ஆபீஸைப் பத்தி மேலே ஒரு புகார்கூடப் போனதில்லையாமே சார். சிப்பந்திகள் எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தாளாமே. அது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கோ" என்றார்கள். எழுதித் தருகிறேன், ஒன்றும் மறைக்காமல் எழுதித் தருகிறேன் என்றேன். அவர்களுக்குப் பரம சந்தோஷம்.

மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆண்டு மலரில் அவரவர் தம் போட்டோவைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. கட்டுரைப் பக்கத்தை அச்சுக் கோக்கிறவன்கூடப் படிக்காமலேதான் கோக்கிறான். பெங்களூரில் ஒரு ரகசியத்தைப் பத்திரமாய்ப் புதைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

எங்களுடையது தண்டுப் பிரதேசத்துக்கு, அதாவது கன்டோன்மென்ட் பக்கத்துக்கு, குழாய்த் தண்ணீர் கொடுக்கிற ஆபீஸ். பெயர் வேண்டாம். ஒரு நீண்ட ஹால், அதன் கோடியில் சூப்பிரண்டு அறை, அறைக்கு ஒரு ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு. கதவுக்குப் பக்கத்தில் என் மேஜை. எந்தக் காகிதமும், எந்த ஆளும், எந்த வார்த்தையும் என்னைத் தாண்டித்தான் அந்தக் கதவைத் தள்ள முடியும். காலையில் வருகிறவர்கள் பியூன் ரங்காவிடம், "ஹெட் கிளார்க் முகம் இன்னிக்கு எப்படிடா இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவார்கள். எனக்குக் காபி கொதிக்கக் கொதிக்க வரும். உதடு வெந்தாலும் குடிப்பேன். அந்தச் சூடு மரியாதையின் சூடு.

அப்போது இருந்த சூப்பிரண்டு ஒரு வெள்ளைக்காரர். தலைமை என்றால் அவர்தான் தலைமை. வந்த நாள் முதல் ரிட்டையர் ஆகும்வரை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இன்றைக்கு மழை வருமா? வராது சார் என்பேன். நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார். மறுநாளும் என்னைத்தான் கேட்பார்.

அவருக்குப் பிறகு வைத்தீஸ்வரன் வந்தார்.

சீமையில் படித்த இன்ஜினீயர். சைக்கிளில் வந்து இறங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அந்த அரைக்கதவைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிடங்கில் போடச் சொன்னார். பிறகு எல்லாரையும் ஹாலில் நிறுத்திவைத்துப் பேசினார். "தப்பு நடந்தா நான் யாரையும் திட்டமாட்டேன். மறைச்சாத்தான் எனக்குக் கோபம் வரும். தினம் காலம்பர எல்லாரும் இங்கே நிப்போம். எது சரியில்லையோ அதை யார் வேணாலும் எங்கிட்ட நேரா சொல்லலாம்." சொன்னவனுக்கு நன்றி வேறு சொல்வாராம். ஒரு சர்க்கார் அதிகாரி தனக்குக் கீழே இருக்கிறவனுக்கு நன்றி சொல்வதாகச் சொல்லி அன்றுதான் பார்த்தேன். துணி இல்லாமல் வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு டொமினிக் திறந்தான். அவன் எங்கள் ஃபிட்டர் மேஸ்திரி, காக்ஸ் டவுன்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் மணி அடிப்பவன். பிளாக்பள்ளிக்குப் போகிற பெரிய குழாயில் வால்வு ஒழுகுகிறது, அதனால்தான் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்றான். எனக்கு அது எத்தனையோ வருஷமாய்த் தெரியும். வைத்தீஸ்வரன் அன்றே போய்க் குழியில் இறங்கிப் பார்த்தார். அந்த வாரமே பிளாக்பள்ளித் தெருக்களில் தண்ணீர் வந்துவிட்டது. ஜனங்கள் குடத்தோடு நின்று அவரை வாழ்த்தினார்கள். ஜனங்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறு என்ன தெரியும்?

அது போகட்டும். ஒருநாள் ரங்கா, என் மேஜையைத் தாண்டி, என் முகத்தைப் பார்க்காமல், நேராக சூப்பிரண்டு அறைக்குள் போனான். கிடங்குக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அன்று எனக்கு வந்த காபி ஆறியிருந்தது.

எதிர்த்து நிற்பது முட்டாள்களின் வேலை. நான் ஆதரித்தேன். வைத்தீஸ்வரனின் திட்டத்துக்கு என்னைப் போல ஒரு பக்தன் கிடைத்ததில்லை. ஒவ்வொரு குமாஸ்தாவாய்த் தனியே கூப்பிட்டு, "என்னய்யா, சூப்பிரண்டு கேக்கறார், நீர் வாயை மூடிண்டு நின்னா நன்னாவா இருக்கு? பெரிசோ சின்னதோ, மனசுல பட்டதைச் சொல்லும்" என்று கிளப்பிவிட்டேன்.

முதலில் சுந்தரராமன் எழுந்தார். தபால் பிரிவு குமாஸ்தா, பரம சாது. "கிழக்கு ஜன்னல்ல ஒரு காக்கா சார். நான் டிராஃப்ட் எழுதற நேரமாப் பார்த்துக் கத்தறது."

வைத்தீஸ்வரன் நன்றி சொன்னார். ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டார். காக்கை மேற்கு ஜன்னலுக்குப் போயிற்று. மேற்கு ஜன்னல்காரர், தனக்கு மட்டும் ஏன் வலை இல்லை என்று கேட்டார். வலை போட்டால் காற்று வரவில்லை என்று மூன்றாமவர். ஒருவருக்கு நாற்காலி முனகியது. ஒருவருக்கு அடுத்த நாற்காலிக்காரர் முனகினார். பக்கத்தில் இருப்பவர் வாயில் பூண்டு நாற்றம் என்று ஒருவரும், நான் பூண்டே தொடுவதில்லை என்று அவரும் ஆளுக்கு அரைமணி பேசினார்கள். கூட்டம் ஆரம்பிக்கும்போது சும்மா இருந்தவனுக்கு, முடிவதற்குள் ஜுரம் வந்து, தெளிந்து, பத்தியச் சாப்பாடும் ஆகியிருக்கும். டொமினிக்கும் அவன் ஆட்களும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்கும் போக முடியாமல், கடைசி வரிசையில் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். அவர்கள் முறை வரவே வராது.

அந்த மனிதர் மழைக்காலம் முடியும்வரை தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் என்னை உட்காரச் சொன்னார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மிஸ்டர் ஆராவமுதன், எல்லாரும் நல்லவாதான். ஆனா எது முக்கியம், எது வேண்டாததுன்னு பிரிக்க எனக்குப் பொழுது போறலை. முதல்ல நீங்க கேட்டுண்டு, முக்கியமானதை மட்டும் எங்கிட்ட சொல்லுங்களேன்."

"எனக்கு எதுக்கு சார் அந்தப் பொறுப்பு?" என்றேன்.

"உங்களைத் தவிர நான் யாரை நம்புவேன்?" என்றார்.

மறுநாள், காற்று அதிகமாய் அடிக்கிறது என்று சொல்லி, அரைக்கதவைக் கிடங்கிலிருந்து எடுத்து மாட்டினேன். அவர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். காபி சூடாக வந்தது.

சின்ன மனிதனாக இருந்தால் அதோடு நின்றிருப்பான். ஆனால் வைத்தீஸ்வரனிடம் இன்னும் ஒரு கெட்ட பழக்கம் பாக்கி இருந்தது. சனிக்கிழமைதோறும் ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற உயரத் தொட்டிக்கு இரும்பு ஏணியில் ஏறுவார். ஊர் குடிக்கிற தண்ணீரைத் தானே பார்க்க வேண்டுமாம். இறங்கியதும் டொமினிக்கின் ஆட்களோடு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். அங்கே கதவும் இல்லை, நானும் இல்லை. அவர்கள் பேசுவதெல்லாம் நேராக அவர் காதில் விழும். ஒழுகலை அடைப்பதுதான் எங்கள் இலாகாவின் வேலை என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை டொமினிக் என் மேஜைக்கு வந்தான்.

"அய்யா, தொட்டி ஏணியில மேல் படிங்களோட போல்ட்டு துருப்புடிச்சு அரிச்சுப் போச்சுங்க. கை வச்சா ஆடுது. நாளைக்குச் சனிக்கெழம, சூப்ரண்டு அய்யா ஏறுவாரு."

"புது போல்ட் போடறதுதானே?"

"செஞ்சு வர திங்கக்கெழம ஆயிடுங்க. அதுவரைக்கும் ஏணி அடியில செவப்புத் துணி கட்டியிருக்கேன். துணி கட்டுனா எங்காளு எவனும் தொடமாட்டான். சூப்ரண்டு அய்யாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லிட்டாத் தேவலை. நான் உள்ள போயி சொல்லட்டுங்களா?"

"நான் எதுக்குப்பா இருக்கேன்?"

"அதுவும் சரிதாங்க அய்யா" என்று போய்விட்டான். மரியாதை தெரிந்தவன்.

சனிக்கிழமை விடிந்ததும் அவனை அல்சூர்ப் பக்கம் ஒரு பம்புக்கு வாஷர் மாற்ற அனுப்பினேன், அவன் ஆட்களையும் சேர்த்து. வாஷர் மிக அவசியமான பொருள். அதைப் பற்றி அலட்சியமாய்ப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வைத்தீஸ்வரன் வழக்கம்போலத் தொப்பியை எடுத்துக்கொண்டு அரைக்கதவைத் தள்ளி வந்தார். என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"முக்கியமா ஏதாவது உண்டா, ஆராவமுதன்?"

ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. "அந்தக் காக்கா திரும்பி வந்துடுத்து சார்" என்றேன்.

அவர் சிரித்தார். பல நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் பின்பக்கம் போனார். ஒரு மேலதிகாரியைச் சந்தோஷமாய் வழியனுப்புவது கீழே இருக்கிறவன் கடமை.

கொஞ்ச நேரம் கழித்து ரங்கா ஓடிவந்தான். "ஸாமி, சூப்ரண்டு ஸாமி பித்துபிட்டரு ஸாமி, தொட்டி மேலிருந்து விழுந்துட்டாரு, அசைய மாட்டேங்கறாரு." கன்னடமும் தமிழுமாய் வாய் குழறினாலும் அவன் நேராக என் மேஜைக்குத்தான் வந்தான். அதைக் கவனித்தேன். முறை என்பது அப்படித்தான் திரும்ப வேண்டும்.

அனுதாபக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். அழாதவர்கள் இல்லை. காக்கைகூடச் சத்தம் போடாமல் வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி ராஜலக்ஷ்மி அம்மாள், "உங்க பேரைச் சொல்லாத நாளே இல்லை அவருக்கு" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

பிறகு விசாரணை வந்தது. மேலேயிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். ஹெட் கிளார்க் என்ற முறையில் வாக்குமூலங்களை எழுதிக்கொண்டது நான். டொமினிக் நின்றான். ஏணி கெட்டது தெரியும், சிவப்புத் துணி கட்டினேன், ஹெட் கிளார்க் அய்யாவிடமும் சொன்னேன் என்றான். துணி ஒன்றும் அங்கே இல்லையே, சொன்னதற்குக் காகிதம் ஏதாவது உண்டா என்றார்கள் அதிகாரிகள். நான் அவன் சொன்னதில் ஏணி கெட்டது தெரியும் என்கிற வரைக்கும் எழுதினேன். மற்றதை எழுதுவதற்குள் நிப்பில் மை உறைந்துவிட்டது. நிப்பைத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்த துணி சிவப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் நானே தொட்டிப் பக்கம் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தது. நல்ல பருத்தித் துணி, மையை நன்றாய் உறிஞ்சும். அதிகாரிகள் இருவருக்கும் எதிரே அதில் நிப்பை எத்தனையோ தடவை துடைத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நாள் என் உத்தியோகத்திலேயே ஆனந்தமான நாள். அந்த ஹாலில் கண் இருந்தவன் ஒரே ஒருவன்தான்.

அதிகாரிகள் காபிக்கு எழுந்ததும் டொமினிக் என்னிடம் வந்தான். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"துணி உங்ககிட்டதான் இருக்குதுங்களா அய்யா? காத்துல எங்க போச்சோன்னு பயந்தே போயிட்டேன். நல்ல வேளை, எடுத்து வச்சிருக்கீங்க. அவங்ககிட்ட காட்டிட்டீங்களா?"

"காட்டிடறேன்பா."

"அப்ப நான் எதுவும் பேச வேணாங்களா?"

"நான் எதுக்குப்பா இருக்கேன்?"

அவன் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு போய் பெஞ்சியில் உட்கார்ந்தான். அதிகாரிகள் திரும்பி வந்து, மேற்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்டபோது, என்னைப் பார்த்தான். நான் லேசாய்த் தலையசைத்தேன். இல்லைங்க என்றான். கடமை தவறியதற்காக வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் எது சரியில்லை என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பிளாக்பள்ளிக்குத் தண்ணீர் மறுபடி நின்றது. புகார் ஒன்றும் மேலே போகவில்லை. ஒரே குடும்பமாய் இருந்தோம். கமிட்டிக்காரர்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

டொமினிக் இப்போது காக்ஸ் டவுனில் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறான். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு அச்சுமுறுக்கு கொண்டுவருவான். வாசலிலேயே நின்று, "நீங்க காட்டத்தான் செஞ்சீங்க அய்யா, மேல இருக்கறவங்களுக்குக் கண்ணு இல்ல" என்பான். போன வருஷம் மட்டும் புதிதாய் ஒன்று கேட்டான். "துணியப் பாத்துட்டு அவங்க என்னதாங்க சொன்னாங்க?"

முறுக்கு நன்றாய் வந்திருக்கிறது என்றேன். நல்ல நாளும் அதுவுமாய் ஒருவனிடம் கெட்ட செய்தி சொல்வதை நான் ஆபீஸிலேயே அனுமதித்தவன் அல்ல.

இந்த வருஷமும் வருவான். அவனுக்கென்று ஒரு பை அவரை தனியாய்ப் பறித்து வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்தவர்களை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை.