அவித்த மாவும் அடியேனின் ஆணவமும்

ஓலைத்தொடுவாய் மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே, தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, இடக்கையில் விசிறியும் வலக்கையில் மணியுமாக என்னை அடக்கி ஆளக் காத்திருக்கும் தலைவி றொசானா அக்கா அவர்களே! அவருக்கு அருகிலே அமைதியின் உருவாய் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே! மன்னார்ப் பட்டினத்திலிருந்து பஸ் ஏறி, பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்திறங்கிய என் நண்பர் மஹ்மூது நானா அவர்களே! கடலுக்குப் போன கணவரையும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளையும் ஒரே குரலில் வீட்டுக்கு அழைக்கும் வல்லமை பெற்ற தாய்மாரே! அந்தத் தாய்மாருக்குப் பயந்து பின்வரிசையில் பதுங்கியிருக்கும் தந்தைமாரே! கரையிலே நான் மீன் ஏலம் விடும் சத்தத்தால் விடிகாலைத் தூக்கத்தை இழந்தும், என்னை இன்னும் ஊரில் விட்டு வைத்திருக்கும் பெரியோரே! அனைவருக்கும் இந்தச் சந்தியோகுவின் பணிவான வணக்கம். பணிவு எனக்குப் புதிய பழக்கம். இடையிடையே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பெண்மையின் பெருமை. தரப்பட்ட நேரம், பத்து நிமிடம். பெண்மையின் பெருமையை நான் சொல்லியா நீங்கள் அறிய வேண்டும்? என் மனைவி கிறிஸ்ரினா முன்வரிசையில் இருந்து என்னைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். தலைப்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே அதை அவரிடமே விட்டுவிட்டு, நான் வேறொன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். என்ன அக்கா? மணியோ? நான் இன்னும் தொடங்கவே இல்லையே! அந்த மணியைக் கொஞ்சம் மேசையில வையுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

சற்று முன்னர் தேநீரோடு ஒரு பண்டம் உண்டீர்களே, நினைவிருக்கிறதா? மேலே பொன்னிறம், உள்ளே வெண்ணிறம், நடுவிலே உலர்திராட்சைப் பிளம்ஸும் பேரீச்சம்பழத் துண்டும். நன்றாக இருந்ததா? ஓமோ? கையை உயர்த்துங்கள். இரண்டு தின்றவர்கள்? மூன்று? அன்ரனி அண்ணை, நீங்கள் நாலு, நான் கண்டனான். அந்தப் பண்டத்துக்கு ஸ்கோன் என்று பெயர். பணிஸும் கேக்கும் கலியாணம் முடித்துப் பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் மனைவியும் எங்கள் குசினியில் இரண்டு நாளாக நின்று சுட்டது. அதில் ஒரு பொருள் இல்லை. என்ன பொருள் என்று கண்டுபிடித்தவர் யார்? சீனியா? இருக்கிறது. பட்டரா? தாராளமாக இருக்கிறது. முட்டையா? அதுவும் இருக்கிறது. இல்லாதது கோதுமை! ஒரு சிட்டிகை இல்லை, ஒரு தூசி இல்லை, ஒரு மணம்கூட இல்லை! நாவிலே நூறு ஊர்ச் சுவை வைத்திருக்கும் இந்தச் சபையில் ஒருவராவது கண்டுபிடித்தீர்களா? இல்லை!

ஏன் இந்தக் கூத்து? முன்வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் நீலச் சட்டையோடு இருக்கிறாளே, என் மகள் யதுர்சிகா, ஒன்பது வயது, அவளுக்காக. போன ஆண்டு முழுவதும் அவளுக்கு வயிற்று நோ. மெலிந்தாள், வெளிறினாள், வகுப்பிலே கடைசிக் குட்டியாய்க் குறுகினாள். கொழும்புவரை கொண்டுபோய்ச் சோதித்தபோது சீலியாக் என்றார்கள். கோதுமையில் குளூட்டன் என்றொரு பசை இருக்கிறதாம். நம் வயிற்றுக்கு அது நண்பன். அவள் குடலுக்கு அது பகைவன். அன்றோடு பாண் போயிற்று, பணிஸ் போயிற்று, ரொட்டி போயிற்று, பிறந்தநாள் கேக் போயிற்று. போகும் வீடெல்லாம் அவள் கையில் ஒரு வாழைப்பழம். அதைப் பார்த்து நம்மவர் சொல்வதென்ன? "ஒரு துண்டு தின்னட்டும், ஒண்டும் செய்யாது!" யார் சொன்னது என்று நான் பெயர் சொல்லமாட்டேன். மூன்றாம் வரிசை தானாகவே தலையைக் குனிந்துகொண்டது, பார்த்தீர்களா?

வருகிற ஞாயிறு அவளுக்கு முதல்நன்மை, கோவிலில் நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள். அருட்தந்தை அவர்கள் கோதுமை அப்பத்துக்குப் பதிலாகக் கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் தருகிறேன் என்று அன்போடு ஒழுங்கு செய்துவிட்டார். பீடத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பூசைக்குப் பிறகு? இருபத்தேழு பிள்ளைகளும் ஒரே நீள மேசையில், வெள்ளை உடுப்போடு காலைப் பந்தியில் அமர்வார்களே, அந்த மேசையில் என்ன இருக்கும்? பட்டீஸ் இருக்கும், ரோல்ஸ் இருக்கும், பட்டர் கேக் இருக்கும், அத்தனையும் கோதுமை. ஒரு மாதத்துக்கு முன் அவள் என்னிடம் கேட்டாள், "அப்பா, அண்டைக்கும் எனக்கு வாழைப்பழமோ?"

ஏலத்தில் நூறு பேரை வாயடைக்க வைக்கும் வாய் இது. அது உடனே செய்த முதல் வேலை, சபதம் போட்டது. "நானே சுட்டுத் தாறன் மகள்!" அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்று அறியாதவன் போட்ட சபதம்! லண்டனில் இருக்கும் என் மச்சாள் மேரி ரோஸைத் தொலைபேசியில் பிடித்தேன். அரிசி மா எடு, கொஞ்சம் மரவள்ளி மா சேர், குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்துவிடு, பாலும் முட்டையும் விட்டுக் குழை, தட்டையாக்கு, வட்டமாய் வெட்டு, சுடு. இவ்வளவுதான் என்றார். இவ்வளவையும் கேட்டேன். குளிர்ந்த பட்டர் என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மன்னார் வெயிலில் உருகி ஓடிய பட்டரோடு குழைத்துச் சுட்டேன். வந்தது ஸ்கோன் அல்ல, கருங்கல். பட்டினத்துக்குப் போகும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற கழுதைக்கு ஒன்றைக் கொடுத்தேன். காட்போட் பெட்டியையே விருந்தாய்த் தின்னும் கழுதை அது. என் ஸ்கோனை மணந்து பார்த்தது, என்னை ஏற இறங்கப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் முறை கதை வேறு. பட்டரை ஐஸ்பெட்டியில் வைத்தேன். எல்லாம் சரி, ஆனால் குழைத்தது மேசையில் ஒட்டியது, கையில் ஒட்டியது. மேலே மா தூவவேண்டும். அரிசி மா முடிந்துபோயிற்று. அண்ணாந்து பார்த்தேன். அலுமாரியின் மேலே ஒரு தகரப் பேணி. தாய்மாரே, அந்தப் பேணியில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தப் பேணி இருக்கிறது. பிட்டுக்கென்று அவித்து, அரித்து, ஆறவைத்து வைத்த கோதுமை மா! யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கிறிஸ்ரினா கட்டி ஒதுக்கி வைத்திருந்தது. நான் கதிரையில் ஏறினேன்.

"வேண்டாமப்பா, அது கோதுமையெல்லே" என்றார் அவர். அப்போது இந்த நாக்கு, எத்தனையோ மேடையில் கைதட்டு வாங்கிய இந்த நாக்கு, என்ன சொன்னது தெரியுமா? "இது அவிச்ச மா கிறிஸ்ரினா! கடிக்கிற நண்டையே அவிச்சாப் பிறகு கடிக்குமோ? நண்டே கடிக்காட்டி மா எப்பிடியப்பா கடிக்கும்?" சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். ஆனால் சிரிக்கும் உங்களில் எத்தனை பேர் மனதுக்குள் "அதுவும் சரிதானே" என்று நினைத்தீர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நான் வென்றேன். மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். மா தூவினேன். பொன்போல் வந்தது. அவள் இரண்டு தின்றாள், குதித்தாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னைப்போல் ஒரு தகப்பன் இந்தத் தீவிலேயே உண்டா என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாளும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நான் ஐஸ்பழக்காரன்மேல் பழியைப் போட்டேன். அந்த மனிதன் அந்த வாரம் எங்கள் ஊருக்கே வரவில்லை! ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா, பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் அரிசி மாவின் அருமை பற்றி ஐந்து நிமிடம் முழங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேசைக்கு என்ன தூவினீங்கள்?" என்றார். சொன்னேன். நண்டின் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, அவிச்சாலும் வறுத்தாலும் கோதுமை கோதுமைதான். ஒரு சிட்டிகையே இவவின்ர வயித்தைக் கெடுக்கக் காணும்" என்றார்.

கட்டிலில் கிடந்த மகளிடம் போனேன். "ஏன் பிள்ளை, அம்மா வேண்டாமெண்டு சொன்னதைக் கேட்டனிதானே? பிறகேன் சாப்பிட்டனி?" என்றேன். பாருங்கள் என் துணிவை, குற்றத்தை அவள் தலையிலும் கொஞ்சம் வைக்கப் பார்த்தேன்! அவள் சொன்னாள், "நீங்கள் கதைச்சா நம்பாமல் இருக்கேலாது அப்பா. அதுதான் சாப்பிட்டனான்."

சபையோரே, என் பேச்சுக்கு மாலை விழுந்திருக்கிறது, பொன்னாடை விழுந்திருக்கிறது. இப்படி ஓர் அடி விழுந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

என்ன அக்கா, இந்த முறை மணி அடிக்கவில்லையே? சரி, நானே என்னை எழுப்பிக்கொள்கிறேன். வீட்டிலிருந்து கோதுமை முழுவதும் வெளியேறியது. புதிய அரிதட்டு வந்தது, புதிய தட்டு வந்தது. மூன்றாம் முறை கிறிஸ்ரினா குழைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு பட்டர் உதிர்த்தேன். மாவைப் பிடித்துவைக்க இசப்கோல் உமி இரண்டு கரண்டி போடச் சொன்னார் மச்சாள். ஆம், மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிறார்களே, அதேதான்! அன்ரனி அண்ணை, இருங்கோ, எழும்பாதேங்கோ! ஒரு ஸ்கோனுக்குள்ள இருக்கிறது ஒரு கிள்ளுக்கூட வராது. ஆனால் நாலு திண்டவருக்கு நான் பொறுப்பில்லை.

இனி நான் வந்த காரியம். மகளுக்குத் தனித்தட்டு வைத்துத் தருகிறோம் என்று இந்தச் சங்கம் அன்போடு சொன்னது. நன்றி. ஆனால் அவள் கேட்டது தனித்தட்டா? "எல்லாரும் தின்னுறதை நானும் தின்னோணும்" என்றுதானே அந்த வாழைப்பழக் கேள்வியில் கேட்டாள்! ஒரு காலை, ஒரே ஒரு காலை, அந்த மேசை முழுவதும் கோதுமை இல்லாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? வானம் இடிந்து விழுமா? வாடைக்காற்று நின்றுபோகுமா? யாரது, "ரோல்ஸ் இல்லாமல் என்ன விருந்து" எண்டு கேக்கிறது? அன்ரனி அண்ணையோ? நாலு ஸ்கோன் திண்ட வாயாலயோ இதைக் கேக்கிறியள்?

ஸ்கோன் சுடுவோம், அரிசி மாவில் அப்பம் சுடுவோம், இடியப்பம் அவிப்போம். சம்மதித்தவர்கள் கை உயர்த்துங்கள். நான் நன்றாகப் பேசினேன் என்று உயர்த்தவேண்டாம். என் பேச்சு என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். மனம் வந்தால் மட்டும் உயர்த்துங்கள். ஒன்று, இரண்டு, றொசானா அக்கா, விசிறியோடயே தூக்குங்கோ, பரவாயில்லை. மூன்றாம் வரிசை முழுவதும்! பின்வரிசைத் தந்தைமாரும்! அன்ரனி அண்ணை, ஒரு கை போதும்!

யதுர்சிகா, எழும்பு மகள். பார்த்தியோ, எவ்வளவு கை? இப்ப அப்பாவை நம்புறியோ? என்ன? சத்தமாச் சொல்லு. சபையோரே, அவள் சொல்வது பின்வரிசைக்குக் கேட்டதா? நான் திருப்பிச் சொல்கிறேன். "கையைத் தூக்கினது மட்டும் காணாது அப்பா. மேசைக்கு என்ன மா தூவுவினமெண்டு முதல் கேளுங்கோ" என்கிறாள்.

கைதட்டாதீர்கள்! கைதட்டு வேண்டாம்! பிள்ளை கேள்வி கேட்டிருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்லுங்கள். என்ன மா? கேட்கவில்லை. என்ன மா? இன்னும் உரக்க! அரிசி மா! ஓம், அரிசி மா! கேட்டியோ மகள்? இது அப்பா சொன்னதில்லை. ஊர் சொன்னது.

பதில் சொன்ன குரல்களுக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு நன்றி. பத்து நிமிடம் தந்து, ஒரே ஒரு மணியோடு நாற்பது நிமிடம் பொறுத்த தலைவிக்குத் தலைவணங்கிய நன்றி. சனிக்கிழமை காலையில் எங்கள் குசினியில் சந்திப்போம். வரும்போது வீட்டு மா ஒன்றும் வேண்டாம், வெறும் கையோடு, அதையும் நன்றாகக் கழுவிக்கொண்டு வாருங்கள். வணக்கம்.